வெள்ளம் வந்த பிறகா பாலிசியைப் படிப்பது?

வீட்டுக் கடன் வாங்கும் நாளில் வங்கி மேசையில் போடும் கையெழுத்துகளுக்குக் கணக்கில்லை. அடமானப் படிவம், மாதத் தவணைக்கான ஒப்புதல், ஜாமீன்தாரர் படிவம் என்று நீளும் கட்டுக்கு நடுவே, "இது இன்சூரன்ஸ் சார், இங்கேயும் ஒண்ணு போட்டுடுங்க" என்று ஒரு தாள் வரும். கணவனும் மனைவியும் கையெழுத்திடுவார்கள். கிரகப்பிரவேச வேலைகள் தலைக்கு மேல் இருக்கும்போது அதைப் படிக்க யாருக்கு நேரம்? சில ஆண்டுகள் கழித்து அந்த பாலிசி எங்கே என்று கேட்டால், "பேங்க்ல இருக்கு" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில்.

அந்தத் தாள் எந்தக் காப்பீட்டுக்கானது என்பதிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. வீட்டுக் கடனை ஒட்டி இரண்டு வகைக் காப்பீடுகள் விற்கப்படுகின்றன. ஒன்று, கடன் வாங்கியவர் இறந்துபோனால் மீதிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. அதன் பிரீமியம் பெரிது. பல நேரங்களில் அதையும் கடன் தொகையோடு சேர்த்துவிடுவதால் அதற்கும் வட்டி ஓடும். மற்றொன்று, கட்டடத்துக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு. அதன் பிரீமியம் சிறிது. முதல் வகையை வாங்கிவிட்டு, "வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நம்மிடையே உண்டு. கடன்காரரின் உயிருக்கான பாலிசி அது. வீட்டுச் சுவர் இடிந்தால் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது.

இரண்டாவது வகையை வாங்கியவர்களும் முழுதாக நிம்மதி அடைய முடியாது. வங்கிக்கு வேண்டியது தன் கடனுக்கான பாதுகாப்பு. அதனால் வங்கி வழியாக எடுக்கப்படும் பாலிசி பெரும்பாலும் கடன் தொகை அளவுக்கு, கட்டடத்துக்கு மட்டும் எடுக்கப்பட்டிருக்கும். இழப்பீடு வந்தாலும் கடன் முடியும்வரை அதில் முதல் உரிமை வங்கிக்கே. கட்டடத்துக்கு மட்டும் என்ற அந்த வார்த்தையின் கனம் என்ன என்பதை 2015 டிசம்பரில் சென்னை கண்டது.

அந்த டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவானது. செம்பரம்பாக்கத்திலிருந்து வந்த நீரும் வழியில் சேர்ந்த நீரும் அடையாற்றின் கரைகளைத் தாண்டின. முடிச்சூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றை ஒட்டிய பகுதிகளில் தரைத்தளம் முழுவதும் மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் கான்கிரீட் வீடுகளில் பெரும்பாலானவை நின்றுகொண்டிருந்தன. போனதெல்லாம் உள்ளே இருந்தவை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், மெத்தை, ஊறிப் பெருத்துக் கதவு திறக்காத மர பீரோ, அதற்குள் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள். தெருவெங்கும் வாசலுக்கு வாசல் அந்தக் குவியல்கள் கிடந்தன. கட்டடத்துக்கு மட்டும் பாலிசி வைத்திருந்தவருக்கு அதிலிருந்து கிடைக்கக்கூடியது வெள்ளையடிப்பு, மின் இணைப்புப் பழுது போன்றவற்றுக்கான தொகைதான்.

தமிழ்நாட்டில் வெள்ளம் வீட்டை இடிப்பதைவிட வீட்டின் வயிற்றைக் காலி செய்வதுதான் அதிகம். காப்பீடு எடுக்கும்போது முதலில் மனதில் இருக்க வேண்டிய செய்தி இது.

2021க்குப் பிறகு

இந்தக் குழப்பத்தைக் குறைக்க இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மேம்பாட்டு ஆணையம் ஒரு நல்ல காரியம் செய்தது. 2021 ஏப்ரல் 1 முதல், தீ விபத்துக் காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தும் வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியைக் கட்டாயம் வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. பிரீமியம்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பல லட்ச ரூபாய் மதிப்புள்ள கட்டடத்துக்கும் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் இது முடிந்துவிடுவது வழக்கம். பைக் பாலிசி காலாவதியாகும் தேதியை மனப்பாடமாகச் சொல்லும் ஒருவர், தன் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் கொட்டிக் கட்டிய வீட்டுக்கு இதை எடுக்காமல் இருப்பதற்குப் பணம் காரணமாக இருக்க முடியாது. தெரியாமைதான் காரணம்.

இந்தப் பாலிசி எதையெல்லாம் ஏற்கிறது? தீ, வெடிப்பு, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், நிலச்சரிவு, வீடு நிற்கும் நிலம் உள்வாங்குதல், காட்டுத்தீ, கலவரம், பயங்கரவாதச் செயல் எல்லாம் இதில் அடக்கம். வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து மோதினாலும் இழப்பீடு உண்டு. மரம் சாய்ந்து விழுவது, பக்கத்து வீட்டுச் சுவர் சரிவது, கட்டுப்பாட்டை இழந்த லாரி திண்ணையில் ஏறுவது எல்லாமே இதில் சேரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த இரவில் டெல்டாவில் தென்னைகள் கூரைகள்மீது விழுந்ததை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு வரியின் அருமை புரியும். மாடித் தொட்டி உடைந்தோ குழாய் வெடித்தோ தண்ணீர் வீட்டுக்குள் பாய்ந்தாலும் இதே பாலிசி பொறுப்பேற்கிறது.

வீடு குடியிருக்க முடியாத நிலைக்குப் போய்விட்டால், சரிசெய்யும்வரை வேறிடத்தில் தங்கும் வாடகைக்கும் இதில் வழியிருக்கிறது. அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். இடிபாடுகளை அகற்ற இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரையும், பொறியாளர், கட்டட வடிவமைப்பாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் தருகிறார்கள்.

கட்டடத்தையும் வீட்டு உடைமைகளையும் சேர்த்து எடுத்தால், கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், உடைமைகளுக்குத் தானாகவே கிடைத்துவிடும். ஃபிரிட்ஜ் எத்தனை லிட்டர், டிவி எத்தனை அங்குலம் என்று பட்டியல் கொடுக்கத் தேவையில்லை. மொட்டை மாடி சோலார் தகடுகளும் இந்த உடைமைகளுக்குள் வருகின்றன. கூடுதலாக வேண்டும் என்றால் விவரம் கொடுத்துத் தொகையை உயர்த்திக்கொள்ளலாம். 2015இல் சென்னைத் தெருக்களில் குவிந்து கிடந்தவற்றுக்குப் பதில் சொல்லும் வரி இதுதான். வாடகைக்குக் குடியிருப்பவரும் தன் உடைமைகளுக்கு மட்டும் இந்தப் பாலிசியை எடுக்கலாம்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

இங்கே பலர் வழுக்குகிறார்கள். வாங்கிய விலைக்கு, அல்லது இன்று புரோக்கர் சொல்லும் விலைக்குக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். 90 லட்சத்துக்கு வாங்கிய அடுக்குமாடி வீட்டின் விலையில் பெரும்பகுதி அதன் மனைப் பங்குக்கானது. மண் எரியாது, இடியாது. அதற்குக் காப்பீடும் இல்லை. கட்டடத்தை மீண்டும் கட்ட இன்று என்ன செலவாகும் என்பதே கணக்கு. சுவருக்குள் இருக்கும் தரைப்பரப்பை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். 1,000 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று கட்டுபவர் சொன்னால், 25 லட்சம். அதில் 20 சதவீதமான 5 லட்சம் உடைமைகளுக்கு. அவ்வளவுதான்.

பழைய பாலிசிகளில் ஒரு பொறி இருந்தது. 40 லட்சம் மதிப்புள்ள கட்டடத்தை 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்தவருக்கு 4 லட்சம் சேதம் என்றால், "நீங்கள் பாதிக்குத்தானே காப்பீடு செய்தீர்கள்?" என்று 2 லட்சம் மட்டும் கொடுப்பார்கள். பாரத் கிருஹ ரக்ஷா அந்த விதியைத் தள்ளிவைத்துவிட்டது. கொடுத்த தகவல் உண்மையாக இருந்தால், காப்பீட்டுத் தொகையின் எல்லைக்குள் முழுச் சேதத்துக்கும் பணம் தர வேண்டும். பத்து ஆண்டுகள்வரை ஒரே மூச்சில் எடுக்க முடியும். அப்படி எடுத்தால் சிமெண்ட், கம்பி விலை ஏறுவதை ஈடுகட்டக் காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் கூடுதல் பிரீமியம் இல்லாமலே உயரும். சாதாரணக் குடும்பத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட விதிகள் இவை. பாராட்டியே ஆக வேண்டும்.

பணம் வராத இடங்கள்

வீட்டுக் காப்பீடு என்றதும் நம் ஊரில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது திருடன். ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை உடைத்து நகையை எடுத்துப் போனால் இன்சூரன்ஸ் கொடுத்துவிடும் என்று நம்புகிறார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் திருட்டு ஒரே ஒரு வழியில்தான் நுழைகிறது: தீயோ வெள்ளமோ நேர்ந்து, அதன் விளைவாக ஏழு நாட்களுக்குள் பொருள் திருட்டுப் போயிருக்க வேண்டும். சாதாரண நாளில் நடக்கும் பூட்டு உடைப்புக்கு இதில் இடமில்லை. அதற்குக் கொள்ளை இழப்பையும் சேர்த்த வேறு வீட்டுக் காப்பீடு எடுக்க வேண்டும். நகை, வெள்ளிப் பொருட்கள், ஓவியம் போன்ற மதிப்புமிக்க பொருட்களும் தானாகச் சேராது. அவற்றுக்கு மதிப்பை முன்கூட்டியே ஒத்துக்கொண்டு தனியாகச் சேர்க்க வேண்டும். மொத்த மதிப்பு 5 லட்சத்துக்குள், ஒரு பொருளின் மதிப்பு 1 லட்சத்துக்குள் என்றால் மதிப்பீட்டுச் சான்றிதழ் தேவையில்லை. பீரோவில் வைத்த ரொக்கத்துக்கு, தங்கக் கட்டிக்கு, வாசலில் நிற்கும் காருக்கு, தொழுவத்து மாட்டுக்கு இந்தப் பாலிசியில் எதுவும் கிடையாது.

மின்சார விஷயத்தில் நுணுக்கமான ஒரு கோடு இருக்கிறது. அதிக மின்னழுத்தத்திலோ ஷார்ட் சர்க்யூட்டிலோ ஏசி கருகிவிட்டால், அந்த ஏசிக்குப் பணம் வராது. அதிலிருந்து கிளம்பிய தீ திரைச்சீலையைப் பற்றிக் கட்டிலை எரித்தால், திரைச்சீலைக்கும் கட்டிலுக்கும் வரும். சேதத்துக்குப் பிறகு எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் எது எப்படித் தொடங்கியது என்பதைத் தெளிவாக எழுதுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஓதமேறிய சுவர், கரையான் அரித்த நிலைக்கதவு, பத்து வருடமாகக் கசியும் கூரை இவையெல்லாம் பராமரிப்புக் கணக்கு. இவற்றை யாரும் காப்பீட்டில் கேட்க முடியாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு விலக்குகள் தமிழ்நாட்டுக்காரர்கள் நின்று கவனிக்க வேண்டியவை. ஒன்று, நிரப்பப்பட்ட நிலம் அமிழ்வதால் வரும் சேதம். இயல்பான நிலம் உள்வாங்கினால் இழப்பீடு உண்டு. மண் கொட்டி மேடாக்கிய நிலம் படிந்து இறங்கினால் கிடையாது. ஏரியையும் சதுப்பையும் தூர்த்து மனை போட்ட நகரங்களில் எத்தனை ஆயிரம் வீடுகள் இந்த வரிக்குள் வரும் என்று யோசித்தால் மனம் கனக்கிறது. தவறு செய்தவர் மனை பிரித்து விற்றவர். அனுமதி கொடுத்தவரும் அதில் பங்காளி. விரிசலோடு வாழ்பவர் மட்டும் கடைசியில் வாங்கியவர். இன்னொன்று, கடல் அரிப்பும் ஆற்றுக் கரை அரிப்பும். சுனாமிக்கு இழப்பீடு உண்டு. ஆண்டுதோறும் அலை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று ஒரு நாள் வீட்டு வாசலைத் தொட்டால் இல்லை. கடற்கரைக் கிராமங்களில் வீட்டை இழக்கும் மீனவக் குடும்பங்களில் பலருக்கு நேர்வது இந்த இரண்டாவது வகைதான். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய பொறுப்பு அரசுடையது.

மொட்டை மாடியில் மகனுக்கு ஒரு அறை எழுப்புவது நம் வீடுகளின் இயல்பு. முதலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வரும், பிறகு கான்கிரீட் ஆகும், சமையலறையும் சேரும். பாலிசி எடுத்தபோது இருந்த பரப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் நிறுவனத்துக்குச் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் கூடுதல் பகுதிக்குக் காப்பு இல்லை. முன்னறையைக் கடையாக்கினாலும் அப்படியே தெரிவித்துவிடுவது நல்லது. இது குடியிருக்கும் வீட்டுக்கான பாலிசி.

சமையல் எரிவாயு விபத்தில் இன்னொரு காப்பும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் பதிவுபெற்ற வாடிக்கையாளர்களுக்காக எடுத்து வைத்திருக்கும் குழுக் காப்பீடு அது. சிலிண்டர் விபத்தில் உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, வீட்டுச் சேதத்துக்கு 2 லட்சம் வரை அதில் உண்டு. வீட்டுச் சேதத்துக்கான தொகை பதிவு செய்த முகவரிக்கு மட்டும்தான். வீடு மாறிய பிறகும் பழைய முகவரியிலேயே இணைப்பை வைத்திருப்பவர்கள் ஏஜென்சிக்கு ஒருமுறை போய் வருவது அவசியம்.

தண்ணீர் வடியும் நேரத்தில்

சேதம் நேர்ந்ததும் மனிதர்கள் செய்யும் முதல் வேலை கழுவிவிடுவது. சேறு நாறும்போது யார்தான் பொறுப்பார்கள்? ஆனால் கழுவும் முன் ஒவ்வோர் அறையையும், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும், ஒவ்வொரு பொருளையும் கைப்பேசியில் படம் எடுத்துவிட வேண்டும். நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொல்ல வேண்டும். கெட்டுப்போன ஃபிரிட்ஜைப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் கொடுக்கும் முன், சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்த்தாரா என்பது முக்கியம். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாட்களுக்குள் அவருடைய அறிக்கை வர வேண்டும், அதன் பிறகு ஏழு நாட்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று ஆணையத்தின் 2024ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை காலக்கெடு வைத்திருக்கிறது.

மறுத்தாலோ குறைத்தாலோ அதுவே கடைசி வார்த்தை அல்ல. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அவருக்கான அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம். வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிக் கொடுக்கத் தெரிந்தால் போதும்.

"அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்பது நம் மனதில் ஆழமாகப் பதிந்த நம்பிக்கை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்த நேரத்துக்கு அது பெரிய உதவி. யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது அடுப்பெரிய உதவும் பணம். வீட்டைத் திரும்பக் கட்டும் பணம் அல்ல. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022 முதல் 2026 வரை வகுத்த விதிகளின்படி, முழுதும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1.20 லட்சம் ரூபாய். ஓரளவு சேதமான கான்கிரீட் வீட்டுக்கு 6,500. குடிசைக்கு 8,000. எந்த மேஸ்திரியிடம் இந்தத் தொகையைச் சொன்னாலும் அஸ்திவாரம்கூட எழும்பாது என்பார். அதே டிசம்பரில், மிக்ஜாம் போய் இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த ஊரில் வீடு கட்டிய எவரும் அப்படி ஒரு மழைக்குக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

இத்தனை நல்ல விதிகளைக் கொண்ட பாலிசி ஏன் மக்களிடம் போகவில்லை? ஏனென்றால் அதைச் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்வதில் ஆதாயம் குறைவு. சில ஆயிரம் ரூபாய் பிரீமியத்தில் முகவருக்குக் கிடைப்பது அற்பம். அதே வாடிக்கையாளரிடம் கடனை ஒட்டிய ஆயுள் காப்பீட்டை விற்றால் கிடைப்பது பல மடங்கு. இந்த இடத்தில் ஆணையமும் அரசும் தலையிட வேண்டும். வீட்டுக் கடன் கையெழுத்தாகும் மேசையிலேயே, இது உயிருக்கான காப்பீடு, இது கட்டடத்துக்கானது, உடைமைகளுக்கு எதுவும் இல்லை என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பக்கத் தாள் தர வேண்டும். பாலிசியோடு எளிய சுருக்கத் தகவல் தாள் தர வேண்டும் என்று ஆணையம் 2024இல் சொல்லியிருக்கிறது. அது கேட்காமலே வாடிக்கையாளரின் மொழியில் வர வேண்டும். வரி விஷயத்திலும் ஒரு அநீதி இருக்கிறது. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி நீக்கப்பட்டுவிட்டது. வீட்டுக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் தொடர்கிறது. புயல் பாதையில் வாழும் குடும்பம் தன் கூரைக்காகத் தானே எடுக்கும் ஏற்பாட்டின்மீது இந்த வரி வேண்டாம். அந்தக் குடும்பம் தானே எழுந்து நின்றால் அரசின் நிவாரணச் சுமைதான் குறையும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. வீட்டுக் கடன் இருப்பவர்கள் அதற்கு முன் ஒரு நாள் வங்கிக் கிளைக்குப் போய், தங்கள் பெயரில் இருக்கும் பாலிசியின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் கட்டடம் மட்டும் என்று இருக்கிறதா, உடைமைகளும் சேர்ந்திருக்கிறதா, எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். பிரதியைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.